பத்து சென்ட் நிலம் போதும்!

அபுதாபி என்றால் நமக்கு என்ன நினைவுக்கு வரும்? பிழைக்கப் போன அண்ணன், மாதாமாதம் வரும் பணம், பெட்டி நிறைய சாமான். அதே அபுதாபியில் 2025-ம் ஆண்டு மே மாதம் ஒரு பெரிய பந்தயம் நடந்தது. ஐரோப்பிய கிளப்புகளுக்கு இடையிலான கூடைப்பந்து போட்டி. 'யூரோலீக்' என்று பெயர். அதன் கடைசிக் கட்டம் அரபு நாட்டில் நடந்தது அதுவே முதல் தடவை.

18 கிளப்புகள் மாதக்கணக்கில் மோதின. மிஞ்சியவை நான்கு. அவற்றில் இரண்டு கிரீஸ் நாட்டுக் கிளப்புகள், ஒலிம்பியாகோஸ், பனதினைகோஸ். இரண்டும் பரம வைரிகள். இரண்டுமே அரை இறுதியில் தோற்றன. மூன்றாவது இடத்துக்கு அவர்களுக்குள்ளேயே மோத வேண்டியதாயிற்று! பங்காளிச் சண்டை எங்கே போனாலும் விடாது போலும்.

இறுதிப் பந்தயம் மே 25-ந்தேதி. துருக்கியின் பெனர்பாசே கிளப்பும், மொனாக்கோ கிளப்பும் மோதின. மொனாக்கோ ஒரு குட்டி நாடு. அங்குள்ள மொத்த ஜனத்தொகை 40 ஆயிரத்துக்கும் குறைவு. நம் தர்மபுரி நகரமே அதைவிடப் பெரியது! பெனர்பாசே 81-70 என்ற புள்ளிக் கணக்கில் வென்றது. நைஜல் ஹேஸ்-டேவிஸ் என்ற வீரர் ஒருவரே 23 புள்ளிகள் எடுத்தார்.

வென்ற கிளப்பின் பயிற்சியாளர் பெயர் யாசிகேவிசியஸ். வாயில் நுழையாத பெயர்தான். ஆனால் ஆளைத் தெரிந்துகொள்ள வேண்டும். வீரராக இருந்தபோது இதே கோப்பையை 4 முறை வென்றவர். அவர் பிறந்த நாடு லிதுவேனியா.

அந்த நாட்டைப் பற்றித்தான் இன்று சொல்ல வந்தோம்.

லிதுவேனியாவின் ஜனத்தொகை ஏறத்தாழ 29 லட்சம். 2011-ம் ஆண்டு கணக்குப்படி தர்மபுரி மாவட்டத்தில் 15 லட்சம் பேர். அதாவது, இரண்டு தர்மபுரி சேர்ந்தால் ஒரு லிதுவேனியா! அவ்வளவு சிறிய நாடு 1937, 1939, 2003 ஆகிய ஆண்டுகளில் ஐரோப்பிய சாம்பியன். இடையில் 50 ஆண்டு சோவியத் ஆட்சியில் இருந்தது. விடுதலை பெற்றதும் 1992 ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கியது. 1996-லும், 2000-லும் அதே வெண்கலம். 1999-ல் அங்குள்ள கவுனாஸ் நகரத்துக் கிளப் ஐரோப்பியக் கோப்பையையே வென்றது.

இத்தனைக்கும் இந்த ஆட்டம் நமக்குப் புதிது அல்ல. 1891-ல் அமெரிக்காவில் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் பழக்கூடைகள் இரண்டை மேலே மாட்டி, பந்தை அதற்குள் போடச் சொன்னார். அதுதான் கூடைப்பந்தின் தொடக்கம். நம் பாலக்கோடு மாம்பழக் கூடையிலும் அதை ஆடியிருக்கலாம்! நெய்ஸ்மித் வேலை பார்த்த ஸ்பிரிங்பீல்டு கல்லூரியில் படித்த ஹாரி பக் என்பவர்தான் 1920-ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். ஆக, நூறு ஆண்டுக்கு முன்பே நம் வாசலுக்கு வந்த ஆட்டம். சென்னைப் பெண் அனிதா பால்துரை 19 வயதில் இந்திய அணிக்குத் தலைமை தாங்கினார். 2021-ல் பத்மஸ்ரீ பட்டம் பெற்றார்.

சரி, தர்மபுரியில் என்ன செய்யலாம்?

கூடைப்பந்து மைதானத்தின் நீளம் 28 மீட்டர். அகலம் 15 மீட்டர். கணக்குப் போட்டால் சுமார் பத்து சென்ட் நிலம். வளையத்தின் உயரம் பத்து அடி. ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர். கிரிக்கெட்டுக்கு வேண்டிய ஏக்கர் கணக்கான நிலம் இதற்கு வேண்டாம். பெரும்பாலான உயர்நிலைப் பள்ளிகளில் இந்த இடம் இருக்கும். இல்லாதது வேறு ஒன்று: நேரம்.

விளையாட்டுப் பீரியட் என்று அட்டவணையில் எழுதியிருக்கிறது. பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் அந்தப் பீரியட் கணக்கு வாத்தியாருக்குப் போய்விடுகிறது. பையன்களாவது சாயங்காலம் தெருவில் ஆடுகிறார்கள். பெண் பிள்ளைகளுக்கு? அந்த ஒரு பீரியடை விட்டால் வேறு வழியே கிடையாது. 2011 கணக்குப்படி தமிழ்நாட்டிலேயே எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் விகிதம் குறைந்த மாவட்டம் தர்மபுரிதான். 'படிப்பே பாதியில் நிற்கும்போது பந்தா?' என்று பெற்றோர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. நம் பதில் இது: ரெயில்வேயிலும், போலீசிலும் விளையாட்டு வீரர்களுக்கு என்று வேலைகள் ஒதுக்கி இருக்கிறார்கள். மாவட்ட அணியில் ஆடும் பெண்ணைப் பள்ளியில் இருந்து நிறுத்திக் கல்யாணம் பேச, வீட்டில் கொஞ்சம் யோசிப்பார்கள்.

ஆனால் கம்பம் நட்டு வளையம் மாட்டினால் மட்டும் காரியம் ஆகாது. பள்ளி விடும் நேரத்து பஸ்சைத் தவறவிட்டால் வீடு போய்ச் சேர முடியாத பிள்ளைகள் பென்னாகரம், அரூர் பக்கம் நிறையப் பேர். பயிற்சி முடியும் ஆறு மணிக்கு ஒரு பஸ் வேண்டும். மைதானத்துக்குச் செலவிடும் பணத்தோடு அந்த பஸ்சுக்கும் அதிகாரிகள் ஒரு கையெழுத்துப் போடட்டும்.