மரியாள் வேஷம் யாருக்கு?

டிசம்பர் வந்தால் சபைகளில் கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு ஆள் எடுப்பார்கள். மேய்ப்பர்களுக்குப் பழைய போர்வை, சாஸ்திரிகளுக்கு ஜிகினாத் தாள் கிரீடம், தேவதூதனுக்கு அட்டை இறக்கை. இதிலெல்லாம் தகராறு வராது. மரியாள் வேஷம் மட்டும் தேர்வே இல்லாமல் முடிவாகிவிடும். ஞாயிறு பள்ளியிலேயே யார் சிவப்போ, அவள்தான் மரியாள்.

சில வருஷங்களுக்கு முன் எங்கள் சபையில் ஒத்திகை பார்க்கப் போயிருந்தேன். ஒன்பதாவது படிக்கிற பெண் ஒருத்தி ஓரத்தில் நின்று மரியாளின் வசனத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். மேடையில் இருந்தவள் தடுமாறியபோதெல்லாம் இவள்தான் எடுத்துக்கொடுத்தாள். “நீயே நடிக்கலாமேம்மா?” என்றேன்.

“நான் கறுப்பு ஆன்ட்டி. எனக்கு மேய்ப்பன்தான்” என்றாள்.

வருத்தப்பட்டுச் சொல்லவில்லை. வெளியே மழை பெய்கிறது என்பதுபோலச் சொன்னாள். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

மரியாள் எந்த ஊர்க்காரி? நாசரேத்து. கலிலேயா வெயிலில் வளர்ந்த கிராமத்துப் பெண். அவளுக்குப் பால் நிறம் பூசியவர்கள் ஐரோப்பிய ஓவியர்கள். அவள் மகனுக்கு, 1940-ல் வார்னர் சால்மன் என்ற அமெரிக்க ஓவியர் வரைந்த முகம் உலகமெங்கும் கோடிக்கணக்கில் அச்சானது. அவர்கள் தங்கள் ஊர் முகத்தை வரைந்துகொண்டார்கள். அதில் தப்பில்லை. அதைக் காலண்டரில் மாட்டி, ‘கடவுளின் நிறம் இது’ என்று பிள்ளைகளை நம்பவைத்தோமே, அது நம் தப்பு.

வேதத்திலேயே ஒரு கறுப்பழகி இருக்கிறாள். உன்னதப்பாட்டின் முதல் அதிகாரத்தில், தான் கறுப்பு என்றும் அழகு என்றும் ஒரே மூச்சில் சொல்கிறாள். வெயிலில் திராட்சைத் தோட்டம் காத்துக் கறுத்தவள். எபிரேயத்தில் அந்த இரண்டு சொற்களையும் இணைப்பது ‘வாவ்’ என்ற ஒற்றை எழுத்து. அதற்கு ‘உம்’ என்றும் பொருள் கொள்ளலாம், ‘ஆனாலும்’ என்றும் கொள்ளலாம். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு ‘உம்’ போட்டது. ஜெரோமின் லத்தீன் ‘ஆனால்’ என்றது. 1611-ன் ஆங்கில வேதாகமமும் அதையே பிடித்துக்கொண்டது. நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பிலும் ‘ஆனாலும்’ தொனிதான்.

கறுப்பும் அழகும். கறுப்பு, ஆனாலும் அழகு. இரண்டுக்கும் நடுவே எத்தனை பெண்களின் கண்ணீர் இருக்கிறது, தெரியுமா?

கிறிஸ்தவ மணமகள் தேவை விளம்பரங்களைப் படித்துப் பாருங்கள். ‘இரட்சிக்கப்பட்ட, ஜெபிக்கிற’ என்று ஆரம்பித்து, ‘சிவந்த, ஒல்லியான’ என்று முடிவதைப் பார்க்கலாம். ஆவியின் கனிகள் ஒன்பது என்று பவுல் எழுதினார். நாம் பத்தாவதாக நிறத்தைச் சேர்த்துவிட்டோம்!

1975-ல் இந்தியச் சந்தைக்கு வந்த ‘ஃபேர் அண்ட் லவ்லி’, 2020-ல் தன் பெயரிலிருந்து ‘ஃபேர்’ என்ற சொல்லை எடுத்தது. அதே வருஷம் ஷாதி டாட் காம், நிறத்தை வைத்து வரன் தேடும் வசதியை நீக்கியது. எதிர்ப்புக்குப் பயந்துதான். இருக்கட்டும். வியாபாரிகளுக்கு வந்த அந்தப் பயம்கூட நமக்கு வரவில்லையே?

“வெளி அழகா முக்கியம்? உள் அழகுதானே” என்று ஆறுதல் சொல்கிறவர்கள் உண்டு. நல்ல எண்ணம்தான். ஆனால் ஒன்று கவனியுங்கள். இதைச் சிவப்பான பெண்ணிடம் யாரும் சொல்வதில்லை. கறுத்த பெண்ணையும் குண்டான பெண்ணையும் தேடிப் பிடித்துச் சொல்கிறோம். ‘உனக்கு வெளியே ஒன்றுமில்லை’ என்பதன் மரியாதையான வடிவம் அது.

“உன்னை நீயே ஏற்றுக்கொள்” என்பது இன்னொரு அறிவுரை. அவள் எப்படி ஏற்றுக்கொள்வாள்? காலையில் கண்ணாடி முன் நின்று ஏற்றுக்கொண்டதை, சாயந்திரம் பெண் பார்க்க வந்தவர்கள் பறித்துக்கொண்டு போகிறார்களே! தேவசாயலில் படைக்கப்பட்டவள் என்பது ஆதியாகமத்தின் முதல் அதிகாரம். நம்ப வேண்டியது அவள் மட்டுமல்ல, நாமும்தான்.

சென்னையில் கவிதா இம்மானுவேலின் ‘விமன் ஆஃப் வொர்த்’ அமைப்பு 2009-ல் ‘டார்க் இஸ் பியூட்டிஃபுல்’ என்று பிரசாரம் தொடங்கியது. நம் ஊரிலிருந்தே எழுந்த குரல். நம் பிரசங்க மேடைகளில் அது எத்தனை முறை ஒலித்தது?

பெரிய புரட்சியெல்லாம் வேண்டாம். இரண்டே காரியம். சபையின் திருமணத் தகவல் படிவத்தில் ‘நிறம்’ என்ற கட்டம் இருந்தால் அடித்துவிடுங்கள். இந்த கிறிஸ்துமஸுக்கு, வசனம் யாருக்கு நன்றாகத் தெரியுமோ அவளுக்கு மரியாள் வேஷம் கொடுங்கள்.

பவுடர் பூசாமல்.