பழையதைத் திருப்பிப் போட வழி வேண்டும்!

புது மென்பொருள் போட்டால் டேப்லெட் வேகமாக ஓட வேண்டும். ஆமை போல நகர்ந்தால்?

"நெக்சஸ் 7" வாங்கியவர்கள் பலருக்கு அந்தக் கதிதான் ஏற்பட்டது. கூகுளுக்காக ஆசஸ் கம்பெனி செய்த டேப்லெட் அது. 2012-ல் அமெரிக்காவில் 199 டாலருக்கு வந்தது. 2014 நவம்பரில் அதற்கு ஆண்ட்ராய்டு 5.0 வந்தது. போட்டவர்களில் பலர் தலையில் கை வைத்தார்கள். விரல் பட்டு, சிறிது நேரம் கழித்துத்தான் திரை அசைந்தது!

ஆனால் ஒரு நல்ல காரியமும் நடந்திருந்தது. பழைய மென்பொருளை முழுசாக கூகுள் இணையத்தில் வைத்திருந்தது. காசு இல்லை!

டேப்லெட்டை அணைத்துவிட்டு, சத்தம் குறைக்கும் பொத்தானையும் பவர் பொத்தானையும் சேர்த்து அழுத்தினால் "பூட்லோடர்" வரும். அதுதான் வாசல் காவல்காரன். ஆண்ட்ராய்டு கெட்டாலும் அவன் பெரும்பாலும் பிழைத்திருப்பான். கம்ப்யூட்டரோடு வயரில் இணைத்து, பழையதை ஏற்றலாம். சிம் போடும் ரகத்துக்கு ஒரு மென்பொருள், போடாத ரகத்துக்கு வேறு. மாற்றிப் போடக்கூடாது.

இதில் ஒரு கஷ்டம் உண்டு. பூட்லோடரின் பூட்டைத் திறந்ததும் உள்ளே உள்ளதெல்லாம் அழிந்துவிடும். குழந்தையின் படம், கல்யாண வீடியோ எல்லாம் போச்சு! திருடன் பார்க்கக்கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. நியாயம்தான். எனவே முதலில் நகல் எடுக்க வேண்டும். சார்ஜும் நிறைய இருக்க வேண்டும். பூட்லோடரையே மாற்றும்போது பாதியில் வயரைப் பிடுங்கினால், பிறகு அது வெறும் கண்ணாடித் தட்டு.

பல கம்பெனிகள் இந்த வழியையும் அடைத்து வைக்கின்றன. பூட்டும் திறக்காது, பழைய மென்பொருளும் கிடைக்காது. காசு கொடுத்தவர் தம் பொருளைச் சரிசெய்யக்கூடாதா? விற்கும் ஒவ்வொரு டேப்லெட்டுக்கும் மென்பொருளை வெளியிடட்டும். எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதை அட்டைப்பெட்டியிலேயே அச்சடித்தால் என்ன?