சோப்புக்கு நூறு சதுர மீட்டரா?

வலங்கைமான் என்றதும் டெல்டாக்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது பாடைகட்டி மாரியம்மன், அடுத்தது வெடி. கோயில் திருவிழாவுக்கும் கல்யாண ஊர்வலத்துக்கும் வாணம் வாங்க வருகிறவர்கள் இந்த ஊரைக் ‘குட்டி சிவகாசி’ என்றே சொல்வார்கள். சுற்றிலும் நெல்வயல்; நடுவே ஒரு சிறிய பேரூராட்சி, கைத்தொழில் ஒன்றில் பெயர் வாங்கியிருக்கிறது. அந்தத் தொழிலின் வருமானமும் தெரியும், ஆபத்தும் தெரியும், உரிமம் இல்லாமல் செய்தால் என்ன ஆகும் என்பதும் இந்த ஊருக்குத் தெரியும்.

சிறுதொழிலுக்கு மட்டும் என்று சில பொருள்களை ஒதுக்கும் முறையை மத்திய அரசு 1967-இல் 47 பொருள்களோடு தொடங்கியது. ஒரு கட்டத்தில் பட்டியல் 800-ஐத் தாண்டியது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, கடைசியாக எஞ்சிய 20 பொருள்களும் 2015 ஏப்ரலில் நீக்கப்பட்டன. அந்த இருபதில் பட்டாசு இருந்தது, தீப்பெட்டி இருந்தது, ஊதுவத்தி இருந்தது; மெழுகுவத்தியும் துணி சோப்பும் இருந்தன. வலங்கைமான் இன்று செய்கிற தொழிலும், அதைப் போன்ற ஊர்களின் பெண்களுக்கு நாளைய தொழிலாகக் கற்றுத்தரப்படுவதும் ஒரே அறிவிப்பில் பாதுகாப்பை இழந்தன. ஒதுக்கீடு மறுபடி வரப்போவதில்லை. ஆனால் வேலியை எடுத்த அரசு, வழியில் கிடக்கும் முள்ளையாவது எடுத்திருக்க வேண்டும். அதைச் செய்யவில்லை என்பதே நம் குற்றச்சாட்டு.

சோப்பும் மெழுகுவத்தியும் தமிழகத்தில் மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கான பயிற்சிகளில் வழக்கமாக இடம்பெறுபவை. 1989-இல் தருமபுரியில் தொடங்கிய குழு இயக்கம் இன்று மாநிலத்தின் எல்லா ஊர்களிலும் வேர்விட்டிருக்கிறது. பயிற்சி முடியும், சான்றிதழ் கிடைக்கும், புகைப்படம் எடுக்கப்படும். மறுநாள் காலையில் அந்தப் பெண் வீட்டில் ஒரு குளியல் சோப்பைச் செய்து பக்கத்துத் தெருவில் விற்றால், அது சட்டப்படி குற்றம். பயிற்சி வகுப்புகளில் இதை அழுத்திச் சொல்பவர்கள் குறைவு.

காரணம் எளிது. 1940-ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தில் ‘அழகுசாதனம்’ என்பதற்கான வரையறை ஒரு காலத்தில் சோப்பை விலக்கியே வைத்திருந்தது. 1982-இல் வந்த திருத்தம் அந்த விலக்கை எடுத்துவிட்டது. அன்றிலிருந்து குளியல் சோப்பு தயாரிக்க மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் வேண்டும். 2020 டிசம்பரில் அழகுசாதனப் பொருள்களுக்கென்று தனி விதிகள் வந்தபோதும் இது மாறவில்லை. துணி சோப்புக்கு இந்த உரிமம் வேண்டாம், மெழுகுவத்திக்கும் வேண்டாம். உடம்புக்குப் போடும் சோப்புக்கு மட்டும் வேண்டும்.

உரிமம் கேட்பதை நாம் குறை சொல்லவில்லை. எதைப் பார்த்து உரிமம் தருகிறார்கள் என்பதில்தான் கோளாறு. பழைய விதிகளின் அட்டவணையில் குளியல் சோப்புக்கு என்று ஒரு கருவிப் பட்டியல் உண்டு; புதிய விதிகளிலும் அது தொடர்கிறது. காய்ச்சும் கொப்பரை, கொதிகலன், உலர்த்தி, மூன்று உருளை அரைவை இயந்திரம், சோப்பை அழுத்தித் தள்ளும் பிளாடர், வெட்டும் கருவி, முத்திரை அச்சு. எல்லாவற்றுக்கும் மேலாக, சிறு அளவில் செய்வதற்கே குறைந்தது 100 சதுர மீட்டர் இடம்; அதாவது ஆயிரம் சதுர அடிக்கு மேல். இவை பரிந்துரைகள் என்றுதான் எழுதப்பட்டிருக்கின்றன. ஆனால் ஆய்வுக்கு வரும் அதிகாரிக்கு வேறு அளவுகோல் கொடுக்கப்படாதபோது, பரிந்துரையே சட்டமாகிவிடும். வலங்கைமானின் ஓட்டுவீட்டில் குடியிருக்கும் விவசாயக் கூலிப் பெண்ணுக்கு வீடே அவ்வளவு இருக்காது.

அந்தப் பட்டியல் ஆலை சோப்புக்காக எழுதப்பட்டது. கையால் செய்யும் சோப்பின் முறையே வேறு. எண்ணெயை அளந்து, தண்ணீரில் கரைத்து ஆறவைத்த காஸ்டிக் சோடாவை அதில் சேர்த்து, கெட்டியாகும்வரை கலக்கி அச்சில் ஊற்றுகிறார்கள். ஓரிரு நாளில் வெட்டி, நான்கு முதல் ஆறு வாரம் காற்றாட அடுக்கிவைக்கிறார்கள். கொதிகலனுக்கும் உருளைக்கும் பிளாடருக்கும் இங்கே வேலையே இல்லை. ஆலையில் கிளிசரினைப் பிரித்து எடுத்துவிடுவது வழக்கம். கைச்சோப்பில் அது உள்ளேயே தங்குகிறது. கைச்சோப்புக்குக் கூடுதல் விலை கொடுக்க வாடிக்கையாளர் முன்வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இங்கே கவனிக்க வேண்டியது தராசை. ஒரு கிலோ தேங்காய் எண்ணெய் முழுதாகச் சோப்பாக மாற ஏறக்குறைய 183 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். அதே அளவு தவிட்டெண்ணெய்க்கு 130 கிராமுக்குள் போதும். எண்ணெயை மாற்றிவிட்டுக் காஸ்டிக்கை மாற்ற மறந்தால், மிஞ்சிய காரம் தோலைப் புண்ணாக்கும். சோப்பில் இருக்கும் உண்மையான ஆபத்து இதுதான். ஆயிரம் சதுர அடிக் கூடம் இதைத் தடுக்காது. சரியான தராசும், எழுதிவைத்த செய்முறையும், ஒவ்வொரு தயாரிப்புக்கும் ஒரு பதிவேடும் தடுக்கும்.

உணவுத் துறையைப் பாருங்கள். ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் வரை விற்பனை செய்யும் சிறு உணவுத் தயாரிப்பாளர் 100 ரூபாய் கட்டணத்தில் பதிவு செய்துகொண்டால் போதும் என்று 2011-இன் உணவுப் பாதுகாப்பு விதிமுறைகள் வழி திறந்தன. பெரியவர்களுக்கு உரிமம், சின்னவர்களுக்குப் பதிவு என்ற இரண்டு படிகள் அங்கே உண்டு. வயிற்றுக்குள் போகும் ஊறுகாய்க்கு ஒரு சின்னப் படி இருக்கிறது; தோலில் தேய்த்து அந்த நிமிடமே கழுவிவிடும் சோப்புக்கு இல்லை. இதற்கு என்ன நியாயம்?

வெளிநாடுகளிலும் ஒரே முறை இல்லை. அமெரிக்காவில், கொழுப்பும் காரமும் சேர்ந்த வெறும் சோப்பாக மட்டும் விற்றால் அது அழகுசாதன வரையறைக்குள்ளேயே வராது. தோல் மென்மையாகும், நோய் தீரும் என்று சொன்னால்தான் வேறு சட்டம் பாயும். பிரிட்டன் அவ்வளவு தாராளம் காட்டவில்லை. அங்கே சோப்பும் அழகுசாதனம்தான். ஆனால் தகுதிபெற்ற மதிப்பீட்டாளர் ஒருவர் செய்முறையை ஆராய்ந்து, எந்த எண்ணெய், எவ்வளவு காரம், எவ்வளவு வாசனை என்று அறிக்கை தருகிறார். அந்த எல்லைக்குள் நின்று, சுத்தமாகச் செய்து, பதிவேடு வைத்திருப்பவர் தன் வீட்டு அடுக்களையிலிருந்தே தொழில் நடத்தலாம். நமக்குப் பொருந்துவது இரண்டாவது வழி. கட்டடத்தை அளப்பதைவிடச் செய்முறையைச் சோதிப்பது வாங்குபவருக்கும் பாதுகாப்பு.

சட்டத்தைத் தளர்த்தினால் கண்டதையும் விற்பார்கள் என்று ஒரு வாதம் வரும். அந்தக் கவலை நியாயமானதுதான். கடையில் வாங்கிய சோப்புக் கட்டியை உருக்கி, நிறமும் மணமும் சேர்த்து அச்சில் ஊற்றிவிட்டு ‘மூலிகைக் கைச்சோப்பு’ என்று ஒட்டுபவர்கள் இருக்கிறார்கள். படை தீரும், சொறி போகும் என்று அட்டையில் அச்சிடுபவர்களும் இருக்கிறார்கள். நோய் தீர்க்கும் என்று சொன்ன கணமே அது மருந்தாகிவிடுகிறது. அதற்கான உரிமம் வேறு. இவர்களைப் பிடிக்கத்தான் வேண்டும். ஆனால் இன்றைய விதி இவர்களைப் பிடிப்பதில்லை. நேர்மையாகப் பதிவு செய்துகொள்ள நினைப்பவரைத்தான் வாசலிலேயே நிறுத்துகிறது. பதிவுப் புத்தகத்தில் பெயரே இல்லாதவரின் சோப்பை எந்த அதிகாரி போய்ச் சோதிப்பார்? சிறியவரைச் சட்டத்துக்குள் கொண்டுவராமல் அவர் பொருளைக் கண்காணிக்க முடியாது.

வரி விஷயத்திலும் சின்னவருக்குக் கிடைத்தது குறைவு. 2025 செப்டம்பர் 22 முதல் குளியல் சோப்புக் கட்டிக்கான ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. வாங்குபவருக்கு நல்ல செய்தி. ஆனால் 40 லட்சம் ரூபாய்க்குக் கீழே விற்று, ஜிஎஸ்டி பதிவே இல்லாமல் இருக்கும் சிறு தயாரிப்பாளருக்கு முன்பு ஆலை சோப்பைவிட 18 சதவீத அனுகூலம் இருந்தது. இப்போது அது ஐந்தாகச் சுருங்கிவிட்டது. அவர் வாங்கும் காஸ்டிக் சோடாவுக்கு மட்டும் 18 சதவீதம் கட்டுகிறார். பதிவு இல்லாததால் அதைத் திரும்பப் பெறவும் வழியில்லை. இதே 2025-இல் தேங்காய் எண்ணெய் விலை இதுவரை காணாத உச்சத்துக்குப் போனது. கிலோ 400 ரூபாய்க்கு எண்ணெய் வாங்கினால், 100 கிராம் கைச்சோப்பில் எண்ணெய்க்கு மட்டுமே ஏறக்குறைய 30 ரூபாய் ஆகும். பெட்டிக்கடையில் பத்து ரூபாய்க்குத் தொங்கும் சோப்போடு மல்லுக்கட்ட இவர்களால் முடியாது. முடியும் என்று பயிற்சி வகுப்பில் சொல்வது ஏமாற்று.

அதனால் எல்லாக் குழுவும் சோப்பு செய்யட்டும் என்று நாம் சொல்லவில்லை. டெல்டாவின் வேலையின்மைக்கு இது மருந்தாகாது. நடவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் வயலுக்குள் வந்தபின் பெண்கள் இழந்த கூலி நாள்களை ஒரு சோப்புக் கூடம் ஈடுகட்டிவிடாது. ஆனாலும் இந்த மண்ணுக்கு ஏற்ற தொழில் எது என்ற கேள்வியிலிருந்து நாம் தப்பிக்க முடியாது. 2020-இல் சட்டமன்றம் நிறைவேற்றிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்துக்குள் வலங்கைமான் அடங்கிய திருவாரூர் மாவட்டமும் வருகிறது. ஹைட்ரோகார்பன் எடுப்பு உள்ளிட்ட புதிய கனரகத் திட்டங்களுக்கு இங்கே இடமில்லை என்று முடிவு செய்தோம், சரியான முடிவு. எது கூடாது என்று சட்டம் போட்ட அரசு, எது வளரலாம் என்பதற்கும் வழி செய்ய வேண்டாமா? அரிசி ஆலைத் தவிடு இங்கே கிடைக்கிறது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னை இருக்கிறது. ஆற்றங்கரையில் புங்கனும் வேம்பும் இலுப்பையும் நிற்கின்றன. நிலத்தையும் நீரையும் கெடுக்காத தொழில்களின் வரிசையில் சோப்புக்குத் தாராளமாக இடம் உண்டு.

இது புதிய யோசனையும் இல்லை. தஞ்சாவூரில் 1892-இல் பிறந்த ஜே.சி. குமரப்பா, காந்தியின் அழைப்பில் 1934-இல் அகில இந்திய கிராமத் தொழில்கள் சங்கத்தைக் கட்டி எழுப்பினார். உண்ணத் தகாத எண்ணெய்களிலிருந்து சோப்பு செய்வது கிராமத் தொழில் வாரியங்களின் பட்டியலில் நெடுங்காலமாக இருந்துவருகிறது. அதற்கும் முன்பு, 1914-லேயே சென்னை மாகாண அரசு கோழிக்கோட்டில் சோப்புத் தொழிலைத் தொடங்கியது. மைசூர் அரசு 1916-இல் சந்தன சோப்புக்கு அடித்தளம் போட்டது. அரசு கைகொடுத்த இடங்களில் சோப்பு நிலைத்திருக்கிறது.

மெழுகுவத்தியின் கதை வேறு. உரிமச் சிக்கல் இல்லை, சந்தைதான் சிக்கல். ஆனால் டெல்டாவுக்கு அருமையான சந்தை கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு வரும் லட்சக்கணக்கானவர்கள் மெழுகுவத்தி ஏற்றாமல் திரும்புவதில்லை. ஆள் உயர மெழுகுவத்தியை நேர்த்திக்கடனாகச் சுமந்து வருபவர்களும் உண்டு. பாரஃபின் மெழுகு சென்னை மணலி சுத்திகரிப்பு ஆலையிலேயே கிடைக்கிறது. தனியொரு குழு சில்லறை விலைக்கு மெழுகு வாங்கினால் லாபம் வியாபாரியோடு நின்றுவிடும். வட்டாரக் கூட்டமைப்பு மொத்தமாக வாங்கிப் பிரித்துக் கொடுத்தால் கணக்கு மாறும். நேரடி அடுப்பில் மெழுகைக் காய்ச்சக் கூடாது, சுடுநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்தே உருக்க வேண்டும் என்ற ஒழுங்கையும் அங்கேயே கடைப்பிடிக்க வைக்கலாம். வெடி செய்யும் ஊருக்குத் தீயின் குணத்தைப் பாடம் எடுக்கத் தேவையில்லை.

ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவானவை. முதலாவது, மத்திய சுகாதார அமைச்சகம் 2020 விதிகளைத் திருத்தி, காய்ச்சாமல் கையால் செய்யும் சோப்புக்கு, விற்பனை வரம்போடு கூடிய எளிய பதிவுமுறையைக் கொண்டுவர வேண்டும். இடப்பரப்புக்கும் இயந்திரத்துக்கும் பதிலாக, அங்கீகரிக்கப்பட்ட செய்முறை, தராசு, பதிவேடு, ஆண்டுக்கொருமுறை ஆய்வகச் சோதனை ஆகியவை நிபந்தனையாகட்டும். தயாரிப்பை மேற்பார்க்கும் நுட்பத் தகுதியாளருக்குப் பள்ளி இறுதிப் படிப்பில் வேதியியல் போதும் என்ற விதி இருக்கிறது. அது அப்படியே இருக்கட்டும். கிராமத்துப் பெண் எட்டிப் பிடிக்கக்கூடிய தகுதி அது.

இரண்டாவது, தில்லி அசையும்வரை தமிழக அரசு கைகட்டி நிற்கத் தேவையில்லை. சொந்தக் கூடம் இல்லாதவர், உரிமம் பெற்ற இன்னொருவரின் கூடத்தில் தயாரித்துத் தன் பெயரில் விற்க இன்றைய விதிகளே அனுமதி தருகின்றன. தொழில் வட்டாரத்தில் ‘லோன் லைசென்ஸ்’ என்பார்கள். வலங்கைமான் ஒன்றியத்தில் மகளிர் கூட்டமைப்பின் பெயரில் 100 சதுர மீட்டருக்கு ஒரு பொதுக்கூடத்தை அரசே கட்டி, உரிமமும் வாங்கிக் கொடுத்துவிட்டால், சுற்றியுள்ள குழுக்கள் முறைவைத்து அங்கே சோப்பு செய்யலாம். குழு உரிமங்களுக்கான கட்டணத்தை முதல் சில ஆண்டுகளுக்கு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் ஏற்க வேண்டும்.

மூன்றாவது, ‘மதி’ என்ற பெயரில் குழுப் பொருள்களை விற்கும் அரசு, அரசு விடுதிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் வாங்கும் சோப்பில் ஒரு பங்கை உரிமம் பெற்ற குழுக்களிடமிருந்து வாங்க உத்தரவிட வேண்டும். நிச்சயமான கொள்முதல் இல்லாமல் ஆறு வாரம் அடுக்கில் காத்திருக்கும் சோப்புக்கு எந்தக் குழுவும் கடன் வாங்காது.

நான்காவது, எத்தனை பேர் பயிற்சி பெற்றார்கள் என்ற கணக்கை அதிகாரிகள் வாசிப்பதை நிறுத்த வேண்டும். எத்தனை பேர் உரிமத்தோடு தொழில் செய்கிறார்கள் என்ற கணக்கை மாவட்ட ஆட்சியர் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். அந்த எண் பூஜ்யமாக இருக்கும் ஒன்றியத்தில், புதிய சோப்புப் பயிற்சிக்கு ஒரு ரூபாயும் ஒதுக்கக் கூடாது. அந்தப் பணம் முதலில் கூடத்துக்குப் போகட்டும்.