அறைக்குள் போனதும் கழற்றினோம்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்து நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களில் 2021 ஏப்ரல் முடிவதற்குள் ஏறக்குறைய 4,000 முதியவர்களைக் கொரோனா கொண்டுபோனது. அவர்களைக் குளிப்பாட்டி உணவூட்டிய பணியாளர்களில் 11 பேரும் போனார்கள். நிலைமை கைமீறி இராணுவம் முதலில் அனுப்பப்பட்ட ஐந்து இல்லங்களில் ஒன்று ஸ்காபரோவில் இருந்தது, இன்னொன்று பிக்கரிங்கில். இரண்டு இடங்களிலும் தமிழர் நாம் நெருங்கி வாழ்கிறோம். அரசைத் திட்டினோம். இலாபத்துக்கு இல்லம் நடத்தும் நிறுவனங்களைத் திட்டினோம். இரண்டும் நியாயம்தான். நம் பங்கைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை.

பார்வையாளருக்கு மூடியிருந்த இல்லங்களின் கதவு மீண்டும் திறந்த பிறகு நாம் எப்படிப் போய்வந்தோம்? வாசலில் கொடுத்த முகக்கவசத்தை மூக்குவரை இழுத்துப் போட்டோம். தடிமன், இருமல், காய்ச்சல் உண்டா என்று கேட்ட பெண்ணிடம் இல்லையென்று தலையாட்டினோம். வீட்டில் சின்னவனுக்கு மூக்கு ஒழுகுகிறது என்பதைச் சொல்லவில்லை. இந்தக் கிழமை போகாவிட்டால் அடுத்த கிழமைதான், அம்மா பாவம் என்று நமக்கு நாமே சமாதானம் சொல்லிக்கொண்டோம். லிஃப்டில் ஏறி, அறைக்குள் போய், கதவைச் சாத்தியதும் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கினோம். சூப்பை ஊற்றிக் கொடுத்தோம், ஊர்க்கதை கதைத்தோம், கிளம்பும்போது கன்னத்தில் கொஞ்சினோம். திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் இன்னொரு கட்டிலில், வேறு மொழி பேசும் இன்னொரு வீட்டு அம்மா ஒருவர் படுத்திருந்தார். நாம் விட்ட மூச்சை அவரும் இழுத்தார். அவரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

சாதாரணச் சத்திரசிகிச்சை முகக்கவசம் முதலில் காப்பது அதை அணிந்தவரை அல்ல, எதிரில் இருப்பவரைத்தான். அணிந்தவர் பேசும்போதும் இருமும்போதும் வெளிவருவதை அது பெருமளவு தடுக்கிறது. அணிந்தவரையும் நன்றாகக் காப்பது முகத்தோடு ஒட்டி நிற்கும் என்95. கொரோனா உடம்பில் புகுந்தவர், நோய்க்குறி தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே மற்றவருக்குப் பரப்பத் தொடங்கிவிடுவார். ‘எனக்கு ஒன்றுமில்லையே’ என்ற நம் சாட்சி அந்த ஓரிரு நாளில் செல்லாது. இதெல்லாம் நமக்குத் தெரியாமல் இல்லை. வாட்ஸப்பில் ஆளுக்காள் அனுப்பிக்கொண்டோம். அறைக்கதவைச் சாத்தியதும் மறந்துபோனோம்.

மறந்ததற்குக் காரணமும் இருந்தது. முகத்தை மூடிக்கொண்டு பெற்றவர் முன்னால் உட்காருவது நமக்கு அவமரியாதையாகப் பட்டது. மறதிநோய் வந்தவருக்கு நம் முகம்தான் கடைசிப் பிடிமானம், அதையும் மறைத்தால் எப்படி என்று கேட்டோம். காது மந்தமானவர் உதட்டைப் பார்த்துத்தான் விளங்கிக்கொள்கிறார் என்றோம். அத்தனையும் உண்மை. முகக்கவசம் அந்த அறையிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டதும் உண்மை. எடுத்துக்கொண்டதை வேறு வழியில் திருப்பிக் கொடுக்க நாம் என்ன செய்தோம்? நம் படத்தைப் பெரிதாக அச்சடித்து நெஞ்சில் குத்திக்கொண்டு போயிருக்கலாம். வெளிச்சம் நம் கண்ணில் விழும்படி எதிரே உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லாக, கையைப் பிடித்தபடி கதைத்திருக்கலாம். காது கேட்கும் கருவியின் பற்றரியை மாற்றியிருக்கலாம். பிந்திக் கற்ற ஆங்கிலம் கழன்றுபோய்த் தமிழ் மட்டும் மிஞ்சிய பெரியவருக்காக, வலி, தண்ணீர், கழிப்பறை என்ற மூன்று சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டியிருந்தால் மாஸ்க் போட்ட தாதிக்கும் பாதி வேலை குறைந்திருக்கும். எளிதாக இருந்தது கழற்றுவது. அதைச் செய்தோம்.

நாம் கழற்றியது போதாதென்று பணியாளரையும் கழற்றச் சொன்னோம். “பிள்ளை, அந்த மாஸ்க்கை ஒருக்கா எடுத்துப்போட்டுக் கதையும், அம்மாவுக்கு விளங்கேல்லை.” அந்தப் பிள்ளை பெரும்பாலும் புலம்பெயர்ந்து வந்த ஒரு பெண். பல வேளைகளில் நம் தமிழ்ப் பெண்ணேதான். பி.எஸ்.டபிள்யூ என்ற தனிநபர் பராமரிப்பு வேலையில் முழுநேரம் கிடைக்காததால் காலையில் ஓர் இல்லம், மாலையில் இன்னோர் இல்லம் என்று ஓடியவர்கள் அவர்கள். ஒருவர் ஓரிடத்தில் மட்டுமே வேலை செய்யலாம் என்ற ஆணை 2020 ஏப்ரல் 22 இல்தான் நடைமுறைக்கு வந்தது. பணியாளர் எல்லோரும் எந்நேரமும் முகக்கவசம் அணியவேண்டும் என்ற பணிப்பும் ஏப்ரல் 8 இல்தான் வந்தது. மாகாணத்தில் அவசரகாலம் அறிவித்து மூன்று கிழமை கழிந்திருந்தது. அதே ஆண்டு மே மாதம் வெளியான இராணுவ அறிக்கை, பொருட்களுக்குக் காசு செலவாகும் என்பதால் அவற்றைப் பயன்படுத்தவே பணியாளர் பயந்ததைச் சொன்னது. போட்ட அங்கியோடே நோயுள்ள அறையிலிருந்து நோயில்லாத அறைக்குப் போனதையும் சொன்னது. அந்த நாட்களில் இந்தப் பெண்களைக் கடையில் கண்டால் நாம் ஒதுங்கி நின்றோம். சுகமில்லாத நாளில் வீட்டில் நிற்க அவர்களுக்குச் சம்பளம் உண்டா என்று கேட்டதில்லை. 2021 ஏப்ரலில் தற்காலிகமாகக் கொடுத்த மூன்று நாள் சம்பள விடுப்பும் 2023 மார்ச்சோடு நின்றது. அதை நிறுத்தாதே என்று எழுந்த குரல்களோடு நம் கோயில்களும் ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் திரண்டு சேரவில்லை.

காப்பைக் கழற்றினால் நோய் திரும்பும் என்பது ரொறன்ரோவுக்குப் புதிய பாடமும் அல்ல. 2003 இல் சார்ஸ் என்ற சுவாசத் தொற்று இந்த நகரத்தில் பரவத் தொடங்கியதே ஸ்காபரோ மருத்துவமனை ஒன்றிலிருந்துதான். அந்த மே மாதம், எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்துக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தினார்கள். கண்டுபிடிக்கப்படாத நோய், நோர்த் யோர்க்கில் ஒரு மருத்துவமனையின் எலும்பு சிகிச்சைப் பிரிவில் இருந்த முதியவர்களிடம் ஒளிந்திருந்தது. அதிலிருந்து இரண்டாவது அலை எழுந்தது. மொத்தம் 44 பேர் இறந்தார்கள். நீதிபதி ஆர்ச்சி கம்பெல் தலைமையிலான ஆணைக்குழு, விஞ்ஞானம் முழுதாக உறுதிசெய்யும்வரை காத்திராமல் முன்கூட்டியே காப்பெடுங்கள் என்று 2007 இல் எழுதிக் கொடுத்தது. சார்ஸுக்குப் பிறகு மாகாணம் வாங்கிச் சேர்த்த சுமார் 5.5 கோடி என்95 கவசங்கள் காலாவதியாகின. பெரும்பகுதியை அழித்தார்கள், புதிதாக வாங்கி நிரப்பவில்லை. சார்ஸுக்கும் கொரோனாவுக்கும் இடைப்பட்ட பதினேழு ஆண்டுகளில் நாம் இங்கே வீடு வாங்கினோம், தேர் இழுத்தோம், தேர்தலில் நம்மவர்களை நிறுத்தி வெல்லவும் வைத்தோம். வாக்குக் கேட்டு வந்தவரிடம் முதியோர் இல்லங்களைப் பற்றி ஒரு கேள்வி கேட்டோமா?

கேட்காததற்கு அடியில் கிடந்தது வெட்கம். அம்மாவை ‘ஹோமில்’ விட்டிருப்பதை நாம் வெளியே சொல்வதில்லை. கல்யாண வீட்டில் யாராவது விசாரித்தால், அவ தம்பியோட நிக்கிறா என்று மழுப்புவோம். ஆக்கள் என்ன சொல்லுவினம் என்ற பயம் நம் வாயைக் கட்டியது. ஒளித்து வைத்த இடத்தைப் பற்றி எப்படி உரத்துப் பேசுவது? பேசாததால், ஒரே இல்லத்தில் ஒரே மாடியில் பெற்றவரை வைத்திருந்த நாலு தமிழ்க் குடும்பங்கள் லிஃப்டில் ஒன்றையொன்று கண்டும் காணாததுபோல் நின்றோம். இந்த மாகாணச் சட்டம் ஒவ்வோர் இல்லத்திலும் குடும்பத்தவர் சபை அமைக்க நமக்கு உரிமை தருகிறது. சபை ஒரு குறையை எழுப்பினால், இல்லத்தை நடத்துபவர் 10 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தரவேண்டும். அமைச்சின் ஆய்வு அறிக்கைகள் எவரும் வாசிக்கும்படி வெளியிடப்படுகின்றன. நாம் கூட்டத்துக்குப் போகவில்லை, அறிக்கையைத் திறக்கவுமில்லை. அந்தச் சபைகளில் கதைத்தவர்கள் பெரும்பாலும் மற்றவர்கள். அவர்கள் கேட்டு வாங்கியதை நாமும் அனுபவித்தோம்.

2022 மார்ச் 21 இல் கடைகளிலும் பள்ளிகளிலும் முகக்கவசக் கட்டாயம் நீங்கியது. இல்லங்களில் அதற்குப் பிறகும் தொடர்ந்து, பின்னர் படிப்படியாகத் தளர்ந்தது. விதி தளரும்போது பொறுப்பு நம் கைக்கு வருகிறது. பனிக்காலத்தில் ஃபுளூவும் ஆர்.எஸ்.வியும் கொரோனாவும் அதே தாழ்வாரத்தில்தான் நடக்கின்றன. அவற்றுக்கு வழி காட்டுவது பெரும்பாலும் வெளியிலிருந்து வரும் நாமும் பணியாளரும்தான். படுக்கையில் இருப்பவர் எங்கும் போய்வருவதில்லை.

எனவே நம் வீட்டில் யாருக்காவது தடிமன் என்றால் அந்தக் கிழமை தொலைபேசியோடு நிற்போம். ஊரெல்லாம் இருமும் காலத்தில், யாரும் சொல்லாவிட்டாலும் அறைக்குள்ளும் கவசத்தோடு இருப்போம். பணியாளரைக் கழற்றச் சொல்ல மாட்டோம். அடுத்த குடும்பத்தவர் சபைக் கூட்டத்தில் மூன்று கேள்விகளை எழுதிக் கொடுப்போம்: கையிருப்பில் எத்தனை என்95 இருக்கிறது, அவற்றின் காலாவதித் திகதி என்ன? பணியாளருக்கு அவை முகத்தில் சரியாகப் பொருந்துகின்றனவா என்று கடைசியாக எப்போது பரிசோதித்தீர்கள்? காய்ச்சலோடு வேலைக்கு வராமல் நிற்கும் பணியாளருக்கு அன்றைய சம்பளம் உண்டா? பத்து நாளில் எழுத்தில் பதில் வராவிட்டால் அமைச்சுக்கு முறையிடுவோம். அடுத்த தேர்தலில் வாசலுக்கு வருபவரிடமும், அவர் தமிழராகவே இருந்தாலும், இதே தாளை நீட்டுவோம்.