ஆறு மாச வருமானம், பன்னிரண்டு மாசத் தவணை

ஊரிலிருந்து வந்த பெரியப்பாவையும் பெரியம்மாவையும் ஒரு மே மாசம் கேதார்நாத் கூட்டிப் போனேன். குப்தகாசி லாட்ஜில் ரூம் வாடகையைக் கேட்டதும் பெரியப்பா, "ஏண்டா, இது பகல் கொள்ளையா இருக்கே?" என்றார். டில்லி, நொய்டா பக்கமிருந்து அப்பா அம்மாவைச் சார்தாம் யாத்திரைக்குக் கூட்டிப் போன நம்மில் எத்தனை பேர் இதையே புலம்பியிருப்போம்! :-)

கொள்ளைதான். ஆனால் கொள்ளைக்காரன் லாட்ஜ்காரர் இல்லை. டேராடூனில் உட்கார்ந்து கடன் ஃபைல் பார்க்கும் என்னைப் போன்ற ஆள்தான்.

கேதார்நாத் நடை ஏப்ரல் கடைசியிலோ மே தொடக்கத்திலோ திறக்கும். தீபாவளி கழிந்து இரண்டு நாளில் சாத்திவிடுவார்கள். அப்புறம் பனி. யாத்திரைப் பாதையில் இருக்கும் பத்து ரூம் லாட்ஜுக்கு குளிர்காலம் முழுக்க ஆள் ஏது? நடுவில் மழை, நிலச்சரிவு வேறு. நாங்களோ மாசாமாசம் ஒரே தொகை தவணை என்று போட்டு நீட்டுகிறோம். டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி என்று பாக்கி நின்று 90 நாள் தாண்டியதா... கணக்கு வாராக்கடன்!

விவசாயிக்கு இப்படியா செய்கிறோம்? பயிர்க்கடனுக்கு அறுவடையைப் பார்த்துத் தவணை. குறுகிய காலப் பயிரென்றால் இரண்டு பருவம் பாக்கி நின்றால்தான் வாராக்கடன். லாட்ஜ்காரருக்கு யாத்திரைதானே அறுவடை?

"ரிசர்வ் வங்கி விதி சார்" என்பார்கள் சக அதிகாரிகள். 90 நாள் என்பது விதிதான். ஆனால் தவணையை மாசாமாசம் ஒரே அளவாக வை என்று எந்த விதியும் சொல்லவில்லை. கடன் கொடுக்கும்போதே மே முதல் அக்டோபர் வரை அசல், குளிர்காலத்துக்கு வெறும் வட்டி என்று எழுதலாம். அப்போது விட்டுவிட்டு, அவர் திணறும்போது மாற்றினால் அது 'மறுசீரமைப்பு'. கணக்குக்கு ஒரு கரும்புள்ளி. சோம்பேறித்தனம், வேறென்ன? நானும் பல வருஷம் அதே அச்சில் வார்த்தவன்தான்.

2013 ஜூன் வெள்ளம், 2020 கொரோனா, இரண்டிலும் செம அடி வாங்கினவர்கள் இவர்கள். 2021 மார்ச்சில் அவசரக் கடன் உத்தரவாதத் திட்டத்தில் ஹோட்டல், சுற்றுலாத் தொழிலையும் சேர்த்து, பழைய கடன் பாக்கியில் 40 சதவீதம் வரை கொடுக்கச் சொன்னார்கள். நல்லதுதான். ஆனால் அதுவும் கடன், அதற்கும் தவணை.

ஒரு பிப்ரவரியில் ஒருத்தர் மனைவியின் வளையலை அடகு வைத்து லாட்ஜ் தவணையைக் கட்டினார். நகைக்கடன் கொடுத்ததும் எங்கள் கிளைதான், தவணையை வாங்கிக்கொண்டதும் எங்கள் கிளைதான். கவுன்ட்டர் மட்டும் வேறு.