எண்ணூர்க் கறைக்கு யாருடைய கூலியில் பிடிப்பது?

ஜக்கார்டு பெட்டிக்கு விடுகிற எண்ணெய் ஒரு சொட்டு கீழே பாவில் விழுந்துவிட்டால் என்ன ஆகும் என்பது ஆரணியில் தறி போடுகிற எல்லோருக்கும் தெரியும். சேலையை முதலாளி முன்னால் விரித்ததும் அவர் கண் நேராக அந்த இடத்துக்குத்தான் போகும். கரண்ட் போச்சு, மழை ஈரம் என்று எதைச் சொன்னாலும் எடுபடாது. கூலியில் பிடித்துவிடுவார்கள். யார் தறியில் கறை பட்டதோ அவர் பொறுப்பு. நெசவாளியிடம் இவ்வளவு கறாராக நடந்துகொள்ளும் நியாயம், மணலியில் இருக்கும் ஒரு பொதுத்துறை சுத்திகரிப்பு ஆலையிடம் ஏன் இத்தனை தயங்குகிறது?

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்தது. அந்த வெள்ளத்தோடு மணலி தொழிற்பகுதியிலிருந்து எண்ணெயும் கிளம்பியது. பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கொசஸ்தலையாற்றில் கலந்து, எண்ணூர் முகத்துவாரம் வழியாகக் கடலுக்குப் போனது. காட்டுக்குப்பம், சிவன்படைக்குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம் என்று வரிசையாக மீனவர் குடியிருப்புகளில் படகும் வலையும் தார் பூசியதுபோல் கறுத்தன. எர்ணாவூர்ப் பக்கம் வெள்ளம் வடிந்த வீடுகளின் சுவரில், தண்ணீர் நின்ற உயரத்துக்கு எண்ணெய்க் கோடு நின்றது. சேற்றில் உட்கார்ந்து கையால் துழாவி இறால் பிடிக்கிற இருளர்களுக்கு அன்றோடு பிழைப்பு நின்றது. சிறகு ஒட்டிக்கொண்டு பறக்க முடியாத கூழைக்கடாக்களின் படங்களை நாடே பார்த்தது. சதுப்பு மரங்களின் வேர்களைப் பார்த்தவர்கள் குறைவு.

மணலி சுத்திகரிப்பு ஆலையை நடத்தும் சிபிசிஎல் என்ன சொன்னது? தன் குழாய்களில் கசிவே இல்லை என்றது. வெள்ளத்தின்மேல் பழியைப் போட்டது. பத்திரிகைச் செய்திகளைப் பார்த்துத் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே வழக்கை எடுத்துக்கொண்ட பிறகுதான் காரியங்கள் நகரத் தொடங்கின. ஆலை வளாகத்தில் மழைநீரைக் கையாளும் ஏற்பாடு போதுமானதாக இல்லை, அதனால்தான் எண்ணெய் கலந்த நீர் வெளியேறியது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தெரிவித்தது. 1969 முதல் அதே இடத்தில் ஓடும் ஆலை அது. ஆண்டுக்கு ஒரு கோடி டன்னுக்கு மேல் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கிறது. சென்னையில் டிசம்பரில் புயல் வரும் என்பது அதற்குத் தெரியாத செய்தியா? 2023 மார்ச்சில்தான், அதே நிறுவனத்தின் குழாய் நாகூர் பட்டினச்சேரியில் உடைந்து கச்சா எண்ணெய் கடலில் கலந்து, மீனவர்கள் கரையில் திரண்டு போராடியிருந்தார்கள். ஒன்பது மாதத்தில் மறந்துபோகிற பாடம் அல்ல அது.

எண்ணெய் வெளியேறியதை விடவும் பெரிய குற்றம் அதற்குப் பிறகு நடந்தது. அள்ளும் வேலை யாருக்கு வந்தது தெரியுமா? பாதிக்கப்பட்ட மீனவர்களுக்கே. மக்கும் வாளியும் கொடுத்து ஆற்றில் இறக்கினார்கள். கையுறை ஒழுங்காக இல்லை, முகக்கவசம் இல்லை, நெடி தாங்காமல் தலை சுற்றியவர்கள் உண்டு. 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோதும் இதே வாளியைத்தான் பார்த்தோம். கிட்டத்தட்ட ஏழு வருடத்தில் நம் பேரிடர் மேலாண்மை வாளியிலிருந்து வாளிக்கே வந்து சேர்ந்திருக்கிறது. கடலில் எண்ணெய் கொட்டினால் என்ன செய்வது என்பதற்குக் கடலோரக் காவல்படை பொறுப்பில் 1996 முதல் தேசியத் திட்டம் ஒன்று இருக்கிறது. ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கிற முகத்துவாரத்துக்கு மட்டும் முதல் சில நாட்கள் யாரும் வாரிசு இல்லை.

அந்தக் கறை காயும் முன்பே அடுத்தது வந்தது. டிசம்பர் 26 நள்ளிரவு, எண்ணூரில் கோரமண்டல் உர ஆலைக்குக் கடலடியில் அமோனியா கொண்டுவரும் குழாயில் கசிவு. பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்களைத் தூக்கத்திலிருந்து எழுப்பியது அவர்கள் மூக்குதான். கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். எந்தத் திசையில் ஓட வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் ஒருநாளும் சொல்லித் தந்ததில்லை. காற்று அடிக்கும் திசையிலேயே ஓடக்கூடாது, அதற்குக் குறுக்கே விலக வேண்டும், ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூட வேண்டும் என்பது ஒரு துண்டுப் பிரசுரத்தில் அடங்குகிற விஷயம். 2020 மே மாதம் விசாகப்பட்டினத்தில் எல்.ஜி. பாலிமர்ஸ் ஆலையிலிருந்து ஸ்டைரீன் வாயு கசிந்து உயிர்கள் போனபோதும் சைரன் ஒலிக்கவில்லை என்று ஆந்திர அரசு அமைத்த உயர்நிலைக் குழுவே எழுதியது. சைரன் வாங்கி மாட்டிவிட்டு அதை அழுத்தாமல் இருப்பதற்கு ஒரு மனநிலை வேண்டும். ஊருக்குத் தெரிந்தால் பெயர் கெடும் என்கிற மனநிலை அது.

சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு சட்டத்துக்குப் பஞ்சமே இல்லை. அபாயகரமான ரசாயனங்களுக்கான 1989ஆம் ஆண்டு விதிகள், விபத்து நடந்தால் பாதிக்கப்படக்கூடிய மக்களுக்கு ஆபத்து என்ன, அப்போது என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக்கூடாது என்பதை முன்கூட்டியே தெரிவிக்கச் சொல்கின்றன. ஆலைக்கு வெளியே இருக்கும் ஊருக்கான அவசரகாலத் திட்டம் வேண்டும், ஆண்டுக்கு ஒருமுறை ஒத்திகை வேண்டும் என்கின்றன. 1996ஆம் ஆண்டு ரசாயன விபத்து விதிகள் மாவட்ட அளவிலும் வட்டார அளவிலும் நெருக்கடிக் குழுக்களை அமைக்கச் சொல்கின்றன. இவையெல்லாம் ஆலைகளின் அலமாரியில் பத்திரமாக இருக்கின்றன. கோப்பில் இருக்கும் திட்டத்தின் ஒரு பக்கமாவது காட்டுக்குப்பத்துத் தெருமுனையில் தமிழில் ஒட்டப்பட்டிருந்தால் இந்தத் தலையங்கத்துக்கு வேலை இருந்திருக்காது.

ஊரை எச்சரிப்பது எப்படி என்பதற்கு ஒரு வெளிநாட்டு உதாரணம் பார்ப்போம். 2012 ஆகஸ்ட் 6 அன்று கலிபோர்னியாவின் ரிச்மண்டில் செவ்ரான் சுத்திகரிப்பு ஆலையில், அரித்துப்போன குழாய் ஒன்று வெடித்துக் கரும்புகை எழுந்தது. சுமார் 15,000 பேர் மருத்துவ உதவி தேடிப் போனார்கள். அங்கே எல்லாம் சரியாக நடந்தது என்று சொல்ல வரவில்லை. அந்தக் குழாயை மாற்றச் சொல்லி ஆலைக்குள்ளேயே எழுந்த பரிந்துரைகள் புறக்கணிக்கப்பட்டதை விசாரணை வெளிக்கொண்டு வந்தது. ஆனாலும் சைரன் அலறியது, வீட்டுக்குள் போய்க் கதவு ஜன்னலை அடையுங்கள் என்ற அறிவிப்பு போனது, மறு ஆண்டே நிறுவனம் நீதிமன்றத்தில் குற்றச்சாட்டுகளை எதிர்க்காமல் நின்று அபராதமும் இழப்பீடுமாகச் சுமார் 20 லட்சம் டாலர் கட்டியது. லாபவெறி அங்கே குறைவு என்பதில்லை. கேள்வி கேட்கிற ஊர் பக்கத்தில் இருந்தது.

எண்ணூருக்கு வருவோம். தமிழக அரசு 8.68 கோடி ரூபாய் நிவாரணம் அறிவித்தது. 2,301 மீனவர் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், 787 படகுகளுக்குத் தலா 10,000 ரூபாய், மேலும் 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாய். 12,500 ரூபாய்க்கு ஆரணிக் கடைத்தெருவில் ஒரு நடுத்தரப் பட்டுச்சேலை வாங்கலாம். ஆற்றை அப்படி விலைக்கு வாங்க முடியாது. இது நிவாரணம்தான், இழப்பீடு ஆகாது. இரண்டையும் ஒன்றாக்கிக் கணக்கை முடிக்கப் பார்ப்பது மோசடி.

புயலைக் காரணம் காட்டுவோருக்கு உச்ச நீதிமன்றம் 1986 டிசம்பரிலேயே பதில் சொல்லிவிட்டது. டெல்லி ஸ்ரீராம் ஆலையின் ஓலியம் கசிவு வழக்கில், ஆபத்தான தொழில் நடத்துபவருக்கு எந்த விலக்கும் கிடையாது, முழுப் பொறுப்பும் அவருடையதே என்றது. இயற்கையின் செயல் என்ற சாக்கு அங்கே செல்லாது. பத்தாண்டு கழித்து, 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே அதைச் சீர்செய்யும் செலவையும் ஏற்க வேண்டும் என்றது. அந்த வழக்கு தோல் ஆலைக் கழிவு பாய்ந்த நம் பாலாற்றுக்காக நடந்தது. ஆரணியைத் தொட்டுக்கொண்டு ஓடும் கமண்டல நாகநதி செய்யாற்றில் சேர்ந்து கடைசியில் அந்தப் பாலாற்றுக்குத்தான் போகிறது. வடாற்காட்டு மண் அழுததால் நாட்டுக்குக் கிடைத்த நீதி எண்ணூருக்குப் போய்ச் சேரவில்லை என்றால் நமக்குச் சுருக்கென்று தைக்க வேண்டும்.

ஆகவே நம் தீர்ப்பு இது. சிபிசிஎல் குற்றவாளி. எண்ணெயை வெளியே விட்டதற்கும், விட்டதை மறுத்ததற்கும் சேர்த்து. ஆண்டுக்கணக்கில் அந்த வளாகத்துக்குப் போய் வந்தும் மழைநீர் வழியைப் பார்க்காத மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் உடந்தை. ஒத்திகை நடத்தாமல் காகிதத்தில் திட்டம் வைத்திருந்த நிர்வாகமும் கூண்டில் நிற்க வேண்டியதே. நாட்டுக்குப் பெட்ரோல் வேண்டும், ஆலை வேண்டும் என்பவர்களோடு நமக்குச் சண்டை இல்லை. நம் வண்டியும் அதில்தான் ஓடுகிறது. அதற்கான விலையை எண்ணூர்க்காரரின் நுரையீரலில் வசூலிக்க யாருக்கும் உரிமை இல்லை என்கிறோம். சாயப்பட்டறைத் தண்ணீரைக் கால்வாயில் திறந்துவிடுகிற ஆரணிக்காரர் எவராயினும் அவருக்கும் இதே தீர்ப்புதான்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் மாவட்டத்திலேயே செய்யாறு சிப்காட் இருக்கிறது. பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு ஒரு மனு போடுங்கள்: திருவண்ணாமலை மாவட்டத்தில் பெருவிபத்து அபாயமுள்ள ஆலைகள் எவை, மாவட்ட நெருக்கடிக் குழுவில் இருப்பவர்கள் யார், கடைசியாக ஒத்திகை நடந்த தேதி என்ன? முப்பது நாளில் பதில் தர வேண்டும். வருகிற பதில்களை இந்தப் பத்திரிகைக்கு அனுப்புங்கள், வந்தபடியே அச்சிடுகிறோம்.