தாய்க்கும் தந்தைக்கும் ஒரே தராசு

தாய்மையைப் போற்றாத மேடை இந்நாட்டில் இல்லை. ஆனால், கணவனும் மனைவியும் பிரிந்து, பிள்ளை யாரிடம் வளர்வது என்ற வினா மன்றேறும்போது, அதே நாட்டின் பொதுச் சட்டம் தாயை இரண்டாம் இடத்திலே நிறுத்துகின்றது. இம்முரண்பாட்டைத் தமிழ் மக்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

வடபுலத் தமிழருக்குத் தேசவழமை உண்டு. 1707இல் ஒல்லாந்தரால் தொகுக்கப்பெற்று, 1806இல் ஆங்கிலேயரால் சட்டவலு அளிக்கப்பெற்றது அது. மனைவியை இழந்தவன் மறுமணஞ் செய்யின், இளம் பிள்ளைகளைத் தாய்வழிப் பேரனும் பேர்த்தியும் ஏற்று வளர்க்கும் வழக்கத்தையும், இறந்தவளின் சீதனம் அப்பிள்ளைகளோடு செல்லவேண்டும் என்பதையும் அது குறிக்கின்றது. எனினும், உயிரோடிருக்கும் பெற்றோர் இருவருக்கிடையே எழும் கட்டுக்காப்பு வழக்கில் உரோம-ஒல்லாந்தச் சட்டமே ஆளுகின்றது. முஸ்லிம் மக்களுக்குத் தனிச் சட்டம் உண்டு.

உரோம-ஒல்லாந்தச் சட்டம் கூறுவது என்ன? மணம் நிலைத்திருக்கும் வரை பிள்ளையின் கட்டுக்காப்புக்கு முதலுரிமை தந்தைக்கே. பெற்றோர் பிரிந்து வாழ்ந்தாலும் அவ்வுரிமை குன்றாது. பிள்ளையின் உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஒழுக்கத்துக்கோ கேடு உண்டு என்பது போன்ற விசேட காரணத்தைத் தாய் நிரூபித்தாலன்றி மன்று அதில் தலையிடாது. 1956இல் எமது உயர் நீதிமன்று இதனையே வலியுறுத்திற்று.

பின்வந்த தீர்ப்புகள் இக்கடுமையைப் பெரிதும் தணித்துள்ளன. 1991இல் இலங்கை சிறுவர் உரிமைகள் சமவாயத்தை ஏற்றது. 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம், பிள்ளையின் நலனே தலையாயது என நீதிமன்றங்களுக்கும் விதித்தது. நன்று. ஆயினும் தந்தையின் முதலுரிமையை அச்சட்டம் பெயர் சொல்லி நீக்கவில்லை. ஆகவே வழக்குத் தொடங்கும்போதே ஒருவர் கையில் உரிமை. மற்றவர் தலையில் நிரூபிக்கும் சுமை. நாற்று நட்டுக் கூலி பெற்றுப் பிள்ளையை வளர்க்கும் தாய், அச்சுமையை எத்தனை தவணைகளுக்குத் தாங்குவாள்?

அரசியலமைப்பு இருக்கின்றதே என்பார் உளர். பால் காரணமாகப் பாரபட்சம் கூடாது என அதன் 12ஆம் உறுப்புரை முழங்குகின்றது. 16ஆம் உறுப்புரையோ, 1978க்கு முன்னிருந்த எழுதிய சட்டமும் எழுதாச் சட்டமும் அடிப்படை உரிமைகளுக்கு முரணாயினும் செல்லுபடியாகும் என்கின்றது. ஒரு கையாற் கொடுத்ததை மறு கையாற் பறித்த கதை இது. எனவே பரிகாரம் பாராளுமன்றத்திடமே உள்ளது. உரோம-ஒல்லாந்த மரபிலே வந்த தென்னாபிரிக்கா, 1993இலேயே பாதுகாவலில் தாய்க்குச் சமவுரிமை வழங்கிவிட்டது. நாம் மட்டும் ஏன் தயங்குகின்றோம்?

சட்டத்தைத் தலைகீழாக்கித் தாய்க்கே முதலுரிமை தருமாறு நாம் கேட்கவில்லை. பிள்ளையை நீராட்டி, உணவூட்டி, பள்ளிக்கு அழைத்துச் சென்று வளர்த்த தந்தையை, ஆண் என்பதற்காக ஒதுக்குவதும் அநீதியே. பெற்றோரின் வறுமையோ உடற்குறையோ மட்டும் பிள்ளையைப் பறிக்கப் போதிய காரணமாகலாகாது. இதுவரை பேணியவர் யார், இனிப் பேண வல்லவர் யார், விவரமறிந்த பிள்ளை விரும்புவது யாரை என்பனவே மன்றின் வினாக்களாதல் வேண்டும்.

பிள்ளை காணியன்று, உறுதி யார் பெயரில் உள்ளது எனப் பார்த்துக் கையளிப்பதற்கு. முதலுரிமை விதியை வெளிப்படையாக நீக்கும் சட்டமூலத்தைத் தமிழ்ப் பிரதிநிதிகள் முன்வைப்பார்களாக. தமது இனத்துக்குச் சமத்துவம் கோருவோர், தம் இல்லத்திலும் அதனைக் கோரக் கடமைப்பட்டவர்கள்.